கூப்பிட்டால் நாய் ஏன் வர மறுக்கிறது?

டொரன்டோவில் டிசம்பர் பிறந்து, வீட்டு ஹீட்டர் இரவு பகலாக ஓடத் தொடங்கினால் நாய் வளர்ப்பவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடு வரும்: "இவன் இப்ப கூப்பிட்டா வாறானில்லை. சரியான அடம்."

அடமில்லை, பயம்.

ஸ்கார்பரோவில் ஒரு வீட்டில் நேரே பார்த்தேன். பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு கார்ப்பெட்டில் சறுக்கிக்கொண்டு வந்து நாயின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். 'டிக்' என்றொரு சத்தம். நாய் பின்வாங்கியது, மூக்கை இரண்டு தடவை நக்கியது, மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிள்ளைக்குச் சிரிப்பு. நாய்க்கு அது பாடம்: இந்தக் கை வந்தால் வலிக்கும்.

நாயின் உடம்பில் மயிரில்லாத, பெரும்பாலும் ஈரமான, மிகவும் கூச்சமுள்ள இடம் மூக்கு. கார்ப்பெட்டில் உரசி உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகப் பாய அதைவிடத் தோதான இடமில்லை. பொதுவாக 3,000 வோல்ட் அளவை எட்டினால்தான் நமக்கே சுரீரென்று உறைக்கும். ஈரப்பதன் நிறைந்த நாளில் கார்ப்பெட்டில் நடந்தால் உடம்பில் சேர்வது 1,500 வோல்ட் அளவுதான். காற்று நன்றாகக் காய்ந்துவிட்டால் அதுவே 35,000 வரை ஏறலாம். பாயும் மின்சாரம் மிகச் சொற்பம், அதுவும் நொடியில் மிகச் சிறு பங்கு நேரம்தான். ஆகவே உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்வது சரியே. மனசுக்கு ஆவதைத்தான் நான் சொல்கிறேன். வாரைக் கொளுவும்போது அதன் உலோகக் கொக்கியிலிருந்து கழுத்துப்பட்டி வளையத்துக்குப் பொறி பாய்ந்தால், வாரைக் கண்டதுமே நாய் ஒளிக்கப் பழகிவிடும். பிறகு நாம் அதை அதட்டுவோம்.

வெளியே மைனஸ் 10 பாகையில் இருக்கும் காற்றை உள்ளே இழுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதன் 11 சதவீதத்துக்குக் கிட்ட இறங்கிவிடும். சமையலும் குளிப்பும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும், போதாது. ஹியூமிடிஃபையர் வைத்து 30 முதல் 40 சதவீதம் வரை கொண்டுவந்தால் பாதித் தொல்லை தீரும். அதற்கு மேல் போனால் யன்னல் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஹியூமிடிஃபையரின் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

மீதியைக் கையாலேயே தீர்க்கலாம். நாயைத் தொடுமுன் கையில் ஒரு சாவியைப் பிடித்து, தண்ணீர்க் குழாயிலோ அடுப்பின் உலோகப் பாகத்திலோ அதன் நுனியைத் தொடுங்கள்; பொறி அங்கேயே போய்விடும், உங்களுக்கும் வலிக்காது. கையை லேசாக நனைத்துக்கொண்டு, முகத்தை விட்டுத் தோளிலோ முதுகிலோ தொடுங்கள். வைத்த கையை எடுக்காமல் தடவுங்கள். விட்டு விட்டுத் தொட்டால் ஒவ்வொரு தடவையும் பொறி பாயலாம். நாய் படுக்கும் பாலியெஸ்டர் போர்வைக்குப் பதில் பருத்தி விரியுங்கள். மயிர் வாருமுன் சீப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

என்னை உண்மையிலேயே கலங்க வைப்பது டிரையர் ஷீட். உடுப்பில் கரண்ட் அடிக்காமலிருக்க உலர்த்தியில் போடும் அந்தத் தாளை எடுத்து நாயின் முதுகில் தேய்க்கும் பழக்கம் பரவிவருகிறது. பொறி நிற்கும், உண்மைதான். ஆனால் அதில் பூசியிருக்கும் இரசாயனம் மயிரில் ஒட்டும், நாய் தன் மயிரை நக்கும். வாய், தொண்டை, வயிறு புண்ணாகலாம். தாளையே விழுங்கினால் குடல் அடைக்கலாம். வாசனை எண்ணெய்களிலும் கவனம் வேண்டும்; தேயிலை மர எண்ணெய் நாய்க்கு நஞ்சு. கைக்குக் கிரீம் பூசுகிறவர்கள் அதில் சைலிட்டால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூசுங்கள், அதுவும் நஞ்சுதான்.

டிரையர் ஷீட் பெட்டியை இன்றைக்கே நாய்க்கு எட்டாத தட்டுக்கு மாற்றுங்கள். மென்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.