அணிநடையான அழுகை

எமது பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் பாண்ட் வாத்தியம் முன்னே செல்ல, பிள்ளைகள் அணிநடையில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். உலகெங்கும் பாண்ட் குழுக்கள் வாசிக்கும் ஒரு மெட்டு, பெண்ணொருத்தியின் புலம்பலில் பிறந்தது.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத் தெருவில், கணவன் தன்னை விட்டுப் போனதைச் சொல்லி அரற்றியபடி அவள் தள்ளாடி நடந்தாள். அதைக் கேட்டவர் டபிள்யூ. சி. ஹான்டி என்ற கறுப்பின இசைஞர். கையில் காசின்றி ஆற்றங்கரையில் படுத்துறங்கிய நாட்கள் அவருக்கு அவை. அந்த நினைவோடுதான் 1914 இல் 'சென் லூயிஸ் புளூஸ்' பாடலை வெளியிட்டார்.

புளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தில் விளைந்த இசை. அதில் காந்தாரமும் நிஷாதமும் நேரே நில்லாமல் சற்றுக் கீழிறங்கி நடுங்கும். ஒப்பாரி சொல்லும்போது எங்கள் ஆச்சிமாரின் தொண்டை இடறுமே, அதைப் போல.

1943 இல் கிளென் மில்லரின் இராணுவ வான்படை பாண்ட் இதனை அணிநடை மெட்டாக்கியது. சொற்கள் போயின. பெரிய மேளம் காலுக்குத் தாளம் கொடுத்தது. குழலை நீட்டியும் சுருக்கியும் ஊதும் ரொம்போன், சுரங்களுக்கிடையே வழுக்கி அந்த விம்மலைக் காத்து வைத்தது. போருக்குப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அதற்கேற்ப நடந்தார்கள். தனித்து விடப்பட்டவளின் அழுகையா போருக்குப் போவோருக்கு நடைமெட்டு? எனக்கு இது உறுத்துகிறது.

பாடலில் ஹான்டியின் பெயர் இருக்கிறது. அவளின் பெயர் இல்லை.