ஐந்தாவது லெவலில் காத்திருப்பவர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பில்டில், அதாவது பாத்திரத்தை எப்படி வளர்ப்பது என்ற திட்டத்தில், வந்து நிற்கும். அதிலும் ஒரே பாத்திரத்தில் இரண்டு கிளாஸைக் கலக்கிற மல்டிகிளாஸ் பில்ட் என்றால் கேட்கவே வேண்டாம். பாலடினில் இரண்டு லெவல், பிறகு முழுக்க சோர்சரர். ஹெக்ஸ்பிளேட் வார்லாக்கில் ஒரே ஒரு லெவல், மிச்சமெல்லாம் பார்ட். ஆக்‌ஷன் சர்ஜுக்காக ஃபைட்டரில் இரண்டு, அப்புறம் விஸார்ட். இருபதாவது லெவல் வரை எந்த லெவலில் எந்த கிளாஸ் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்டம் இன்னும் ஆரம்பித்திருக்காது. கூட ஆடப்போவது யார் என்றுகூடத் தெரிந்திருக்காது.

இந்தக் கணக்குப் போடுவதில் உள்ள சுகம் எனக்கும் தெரியும். ஆனால் சில காலமாக ஆட்ட மேஜைகளைக் கவனித்துவருவதில் ஒரு கவலை வளர்ந்துகொண்டே போகிறது. பாத்திரங்கள் மேஜைக்கு வரும் முன்பே முடிந்துபோய்விடுகின்றன.

முதலில் கணக்கையே பார்ப்போம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, இன்னொரு கிளாஸுக்குத் தாவ வேண்டுமானால் இருக்கிற கிளாஸுக்கும் போகிற கிளாஸுக்கும் உரிய திறன்கள் 13-ஐத் தொட்டிருக்க வேண்டும். பாலடினுக்கு ஸ்ட்ரெங்த்தும் கரிஸ்மாவும். சோர்சரருக்குக் கரிஸ்மா மட்டும். ஆகவே இந்த ஜோடி சிரமமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். மங்க்கையும் விஸார்டையும் சேர்க்கப் பாருங்கள், அப்போது தெரியும் வலி. டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம், இன்டெலிஜென்ஸ் மூன்றும் 13 ஆக வேண்டும். திறன்களை வாங்கக் கையில் இருப்பது 27 புள்ளிகள். ஒரு 13-க்கு 5 வீதம் 15 புள்ளிகள் அங்கேயே போய்விடும். உயிர் தாங்க வேண்டுமே என்று கான்ஸ்டிடியூஷனை 14 ஆக்கினால் இன்னும் 7 காலி. டெக்ஸ்டெரிட்டியை 15-க்கு ஏற்ற 4. கடைசியில் கையில் நிற்பது ஒரே ஒரு புள்ளி.

எந்த கிளாஸில் தொடங்குகிறோம் என்பதும் சின்ன விஷயமில்லை. ஃபைட்டராகத் தொடங்கி விஸார்டுக்குப் போகிறவருக்கு ஹெவி ஆர்மரும் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோவும் கூடவே வரும். அதே இரண்டு கிளாஸை மாற்றிப் போட்டு, விஸார்டாகத் தொடங்கி இரண்டாவது லெவலில் ஃபைட்டரானால் இரண்டுமே கிடையாது. மீடியம் ஆர்மரும் கேடயமும்தான். அடி வாங்கும்போதெல்லாம் கான்சென்ட்ரேஷன் கலையாமல் மந்திரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த சேவ்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவது லெவலில் தாவியவர்கள் ஆட்டம் முழுக்க வருந்துகிறார்கள்.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டு வருவதில் தப்பே இல்லை. தகராறு ஐந்தாவது லெவலில் ஆரம்பிக்கிறது.

இந்த விளையாட்டில் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் ஒரு பெரிய படி இருக்கிறது. ஃபைட்டரும் பார்பேரியனும் பாலடினும் ரேஞ்சரும் ஒரு முறைக்கு இரண்டு அடி அடிக்கத் தொடங்குவது அங்கேதான். விஸார்டுக்கு ஃபயர்பால், கிளெரிக்குக்கு ஸ்பிரிட் கார்டியன்ஸ் கிடைப்பதும் அங்கேதான். ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டரும் அதற்கு ஏற்ற மாதிரி எதிரிகளைக் கூட்டிவிடுவார். ஆனால் இந்தப் பலன்கள் எல்லாம் கிளாஸ் லெவலைப் பார்த்துத்தான் வரும், மொத்த லெவலைப் பார்த்து அல்ல. லெவலை இரண்டாகப் பிரித்தவருக்கு ஐந்தாவது லெவல் வெறும் எண்.

நான் உட்கார்ந்து பார்த்த ஒரு மேஜையில் இது கண்ணெதிரே நடந்தது. அரை எல்ஃப் பாலடினாக ஆடியவர் ஒரு கல்லூரி மாணவி. கச்சிதமான திட்டம் அவருடையது: பாலடின் 2, பிறகு டிராகன் வம்ச சோர்சரர், அதற்குப் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு அவர் பாலடின் 2, சோர்சரர் 3. தண்ணீர் புகுந்த ஒரு நிலவறைக் கல்லறை. எட்டு கூல்கள், பிணந்தின்னிப் பேய்கள், சுவரோரம் ஏறி வருகின்றன. விஸார்ட் எட்டு ஆறுமுகப் பகடைகளை இரண்டு கையிலும் அள்ளி உருட்டினார். ஆறு கூல்கள் அங்கேயே முடிந்தன. பார்பேரியன் இரண்டு வீச்சு வீசி ஏழாவதைச் சாய்த்தார். பாலடின் முறை வந்தது. ஒரே ஒரு வீச்சு. இருபது முகப் பகடையில் 6 விழுந்தது. அவ்வளவுதான்.

“பரவாயில்லண்ணா, ஏழாவது லெவல் வரட்டும், அப்புறம் பாருங்க” என்றார் அவர் டன்ஜன் மாஸ்டரிடம். குரலில் உண்மையான நம்பிக்கை இருந்தது.

அப்போதுதான் அவருடைய சோர்சரர் லெவல் ஐந்தாகும். அந்த ஏழாவது லெவல் எவ்வளவு தூரம்? ஐந்தாவது லெவலைத் தொட 6,500 அனுபவப் புள்ளிகள் போதும். ஏழாவதுக்கு 23,000. அதாவது இன்னும் 16,500. அதுவரை எல்லாரும் சேர்ந்து நடந்துவந்த தூரத்தைப்போல இரண்டரை மடங்கு. பட்ட அடியோடு கூடுதல் சேதம் சேர்க்கிற ஸ்மைட் அவருக்கு இருந்தது உண்மை. மந்திரத்துக்கும் ஸ்மைட்டுக்கும் செலவழிக்கிற ஸ்லாட்டுகளும் கூடுதலாக இருந்தன. முதல் லெவலில் நாலு, இரண்டாம் லெவலில் மூன்று. அடி பட்டால் பலமாகவே படும். ஆனால் முறைக்கு ஒரு வீச்சு, அது தவறினால் அந்தச் சுற்று முழுக்க வேடிக்கை பார்ப்பது என்றுதான் அந்த மேஜையில் அவருடைய மாலைகள் போயின. வாரம் ஒரு முறை கூடுகிற குழுவில், பரீட்சை வரும், கல்யாணம் வரும், யாராவது ஊர் மாறுவார்கள். இருபதாவது லெவலை விடுங்கள், பத்தைப் பார்க்காமல் கலைந்த கேம்பெய்ன்களை எல்லா ஆட்டக்காரர்களும் சொல்வார்கள். இவ்வளவு அழகாகத் திட்டமிட்டவர் அந்தத் திட்டத்துக்குள் ஒரு நாள்கூட வாழாமல் போகக்கூடும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதே ஜோடியை ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை எளிமையானது. ஆறாவது லெவல் வரை பாலடினாகவே இருங்கள். ஐந்தில் இரண்டாவது அடி கிடைக்கும். ஆறில் ஆரா ஆஃப் புரொடெக்‌ஷன் வரும். பத்தடி தூரத்துக்குள் நிற்கிற தோழர்கள் எல்லாருடைய சேவிங் த்ரோவிலும் உங்கள் கரிஸ்மா போனஸ் சேரும். விஷமோ பயமோ சாபமோ வரும்போது மொத்தக் குழுவும் உங்கள் பக்கத்தில் வந்து ஒட்டி நிற்கும். அதற்குப் பிறகு சோர்சரருக்குப் போனால் யாரும் எதையும் இழப்பதில்லை.

அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. பாலடின் 6, சோர்சரர் 4 என்று பத்தாவது லெவலுக்கு வந்தவரின் ஷீட்டைப் பாருங்கள். ஸ்லாட் கணக்கில் பாலடின் லெவலில் பாதியும் சோர்சரர் லெவல் முழுவதும் சேர்ந்து 7. ஆக நாலாம் லெவல் ஸ்லாட் ஒன்றுகூட இருக்கும். ஆனால் அவருக்குத் தெரிந்த மந்திரங்கள் இரண்டாம் லெவலோடு நின்றுவிடும், ஏனென்றால் மந்திரம் கற்பது அந்தந்த கிளாஸுக்குத் தனித்தனியாகத்தான். காசு இருக்கிறது, கடையில் சரக்கு இல்லை. அந்த ஸ்லாட்டில் இரண்டாம் லெவல் மந்திரத்தை உயர்த்திப் போடலாம், இல்லை ஸ்மைட்டில் போட்டு ஐந்து எட்டுமுகப் பகடைகளை உருட்டலாம். உருட்டுவதில் மகிழ்ச்சிதான். ஆனால் மந்திரவாதியாக வேண்டும் என்று கிளம்பியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு கிடக்கட்டும். அந்த மேஜையில் என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று.

டிராகன் வம்ச சோர்சரர் என்றால் ரத்தத்திலேயே டிராகன் இருக்கிறது என்று அர்த்தம். விதிப்புத்தகத்தின்படி தோலில் மெல்லிய செதில்கள் முளைக்கின்றன. கவசமில்லாமலே உடம்பு கெட்டிப்படுகிறது. தெய்வத்தின் முன் சத்தியம் செய்யக் கிளம்பிய ஒரு வீராங்கனையின் தோலில், ஒரு நாள் காலையில், செதில் முளைக்கிறது. எவ்வளவு பெரிய விஷயம் இது! அவள் பயந்தாளா? மறைத்தாளா? அம்மா வழியா, அப்பா வழியா? கோவிலில் என்ன சொன்னார்கள்? அந்த மேஜையில் இது எப்படி நடந்தது தெரியுமா? “மூணாவது லெவல் வந்துட்டேன், சோர்சரர் எடுத்துக்கறேன்.” அத்தோடு முடிந்தது. உடன் நடக்கிற மூன்று பேரில் ஒருவர்கூட “உன் கழுத்துல என்ன அது?” என்று கேட்கவில்லை. கேட்காதது அவர்கள் குற்றமுமல்ல. அது எப்போதோ முடிவான சமாச்சாரம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முடிவான சமாச்சாரத்தைப் பற்றி யார் என்ன கேட்பார்கள்?

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. 1978-ன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் எல்ஃப், ட்வார்ஃப் போன்றவர்கள்தான் ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸாக இருக்க முடியும். கிடைக்கிற அனுபவப் புள்ளியைச் சமமாகப் பங்கு போட வேண்டும். மனிதர்களுக்கோ வேறு வழி, கடுமையான வழி. பழைய கிளாஸின் முக்கியத் திறன் 15, புதியதற்கு 17 இருந்தால்தான் மாறவே முடியும். மாறிய பிறகு, புது லெவல் பழையதைத் தாண்டும்வரை பழைய வித்தையைத் தொட்டால் அன்றைய அனுபவப் புள்ளி போச்சு. இன்றைக்குப் படித்தால் கொடுமையாகத் தெரியும். ஆனால் ஒரு தொழிலை விட்டு இன்னொன்றுக்குப் போகிற மனிதரின் தடுமாற்றம் அந்த விதிக்குள்ளேயே இருந்தது.

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்ததும் கதவு அகலத் திறந்தது. எந்த லெவலிலும் எந்த கிளாஸும் எடுக்கலாம். கூடவே, நிபந்தனைகளை நிறைவேற்றினால் மட்டும் சேரக்கூடிய பிரெஸ்டீஜ் கிளாஸ்களும் வந்தன. என் பார்வையில் முன்கூட்டித் திட்டமிடுவது வேரூன்றியது இங்கேதான். ஆர்க்கேன் ஆர்ச்சர் ஆக வேண்டுமென்றால் எல்ஃபாகவோ அரை எல்ஃபாகவோ பிறந்திருக்க வேண்டும், அடிப்படைத் தாக்குதல் +6 வேண்டும், குறிப்பிட்ட ஃபீட்கள் வேண்டும், ஆர்க்கேன் மந்திரமும் தெரிந்திருக்க வேண்டும். முதல் லெவலிலேயே யோசிக்காதவர் ஏழாவது லெவலில் வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்த விதிகள் போய்விட்டன. பயம் மட்டும் போகவில்லை. 2014 பதிப்பில் மல்டிகிளாஸ் என்பதே டன்ஜன் மாஸ்டர் விரும்பினால் மட்டும் அனுமதிக்கிற விதி. அந்த வரியைப் படித்தவர்கள் குறைவு.

2024-ல் திருத்திய புத்தகம் வந்தது, இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. எல்லா கிளாஸுக்கும் சப்கிளாஸ் இனி மூன்றாவது லெவலில்தான். ஒரே ஒரு லெவல் எடுத்து சப்கிளாஸைத் தட்டிக்கொண்டு போகிற வேலை நடக்காது. டிவைன் ஸ்மைட் போனஸ் ஆக்‌ஷனில் போடுகிற மந்திரமாகிவிட்டது. ஒரு முறைக்கு இரண்டு ஸ்மைட் கிடையாது. பழைய புத்தகத்துக்காக எழுதப்பட்ட பில்டை அப்படியே எடுத்துக்கொண்டு புதிய புத்தகம் வைத்து ஆடுகிற மேஜைக்கு வருகிற புது ஆட்டக்காரரின் முகம் வாடுவதைப் பார்க்க முடியவில்லை. யாரோ போட்ட கணக்கு அது. ஒரு எண் ஏன் அங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பில்டைத் தனியாக உட்கார்ந்து கட்டுவதே ஓர் ஆட்டம், ஆட மேஜை கிடைக்காதவர்களுக்கு அதுதான் துணை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இன்பம் பொய்யில்லை.

ஆனால் மேஜை கிடைத்தவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். ஆறாவது லெவல் வரைக்கும் எழுதுங்கள். அதற்குமேல் காலியாக விடுங்கள். இரண்டாவது கிளாஸ் மனதில் இருந்தால் டன்ஜன் மாஸ்டரிடம், ஆட்டம் தொடங்கும் முன் கூடுகிற செஷன் ஸீரோவிலேயே, காதோடு சொல்லிவையுங்கள். அவர் முதல் அரிப்பை நாலாவது லெவலிலேயே தொடங்கிவைப்பார். யாரோ ஒரு பாட்டி உங்கள் கண்ணைப் பார்த்துவிட்டு விலகி நடப்பார். செதில் முளைக்கும்போது மொத்தக் குழுவும் காத்துக்கொண்டிருக்கும்.

திட்டமே போடாமல் வந்த ஒரு மல்டிகிளாஸையும் நான் பார்த்திருக்கிறேன். ஏழாவது லெவல் ரோக் ஒருவர். எதையும் நம்பாதவர், கோவில் உண்டியலிலும் கை வைப்பவர். ஒரு வியாபாரியின் பெட்டியிலிருந்து 300 பொன் பெறுமான வைரங்களைத் தூக்கி, அடுத்த ஊரில் விற்கலாம் என்று இடுப்பில் கட்டி வைத்திருந்தார். வழியில் நடந்த சண்டையில் அவரே செத்துவிழுந்தார். ரிவிவிஃபை மந்திரத்துக்கு வேண்டியது சரியாக 300 பொன் பெறுமான வைரம், அதுவும் உயிர் போன ஒரு நிமிடத்துக்குள். கிளெரிக் அவர் இடுப்பைத் தடவி அந்த முடிச்சையே எடுத்துச் செலவழித்து எழுப்பினார். வயதில் மூத்தவர் அந்த கிளெரிக் ஆட்டக்காரர். “தம்பி, உன் திருட்டுச் சொத்துலதான் உனக்கு உயிர் வந்திருக்கு” என்றார். மேஜை சிரித்து ஓய ரொம்ப நேரமானது. ரோக் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் பாத்திரம் கிளெரிக்கிடம் கேள்வி கேட்கத் தொடங்கியது. காவல் முறையில் சேர்ந்து உட்கார்ந்தது. கிளெரிக் ஆக விரும்புகிறேன் என்று அவர் சொன்னபோது அவர் விஸ்டம் 12. விதி கேட்பது 13. ஆகவே எட்டாவது லெவல் வரை காத்திருந்து, டெக்ஸ்டெரிட்டிக்குப் போயிருக்க வேண்டிய புள்ளிகளில் ஒன்றை விஸ்டமில் போட்டார். ஒன்பதாவது லெவலில் கிளெரிக்கின் முதல் லெவலை எடுத்தார். ரோக்காகவே தொடர்ந்திருந்தால் ஸ்நீக் அட்டாக்கில் ஐந்தாவது பகடை அன்றைக்குக் கிடைத்திருக்கும், அதை விட்டுக்கொடுத்தார். கணக்குப்படி அவருக்குப் பொருந்துவது டிரிக்கரி டொமைன். அவர் எடுத்தது லைஃப், தன்னை எழுப்பியவரின் டொமைன் அது என்பதால். எந்தத் தெய்வம், திருடிய கையோடு போய் எப்படி நிற்பது என்று அவரும் அந்த மூத்தவரும் பேசப் பேச, அந்த வாரத்துக்கென டன்ஜன் மாஸ்டர் தயார்செய்து வைத்திருந்த சண்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.