மாமாவின் காணியும் எங்கள் கோடை விடுமுறையும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பரீட்சை முடிந்தவுடன் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வருஷம் ஊருக்கா, வேறெங்காவதா?" எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக அதற்கு ஒரே பதில், பங்காருபாளையம். 2025 கோடையில்தான் முதன்முறையாக எதிர்ப்புக் கிளம்பியது. பதின்மூன்று வயதுப் பேரனுக்கு மணாலி போக ஆசை. "அங்கே என்ன தாத்தா இருக்கிறது?" என்று இந்தியில் கேட்டான். நான் தமிழில், "வந்து பார்" என்றேன்.

பங்காருபாளையம் ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், சித்தூருக்கும் பலமநேருக்கும் நடுவே, சென்னை–பெங்களூர் சாலையில் இருக்கிறது. ரயில் கிடையாது. வாழ்நாள் முழுவதும் தண்டவாளத்தோடு குடும்பம் நடத்திய எனக்கு ஆண்டவன் இப்படி ஓர் ஊரைக் கொடுத்தான்! சிறுவயதில் காட்பாடியிலிருந்து மீட்டர்கேஜ் வண்டியில் சித்தூர் வந்து, பஸ் பிடித்துப் போவோம். 1000 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தப் பாதை இன்று 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையாகிவிட்டது. கரித்தூள் கண்ணில் விழ, ஜன்னலோரத்தில் அழுதுகொண்டே போன சுகம் இப்போது இல்லை.

அம்மா பிறந்த வீடும் அக்கா வாழ்க்கைப்பட்ட வீடும் ஒன்றே. அம்மாவின் தம்பியைத்தான் அக்கா மணந்தாள். அந்த மாமாவுக்கு மே மாதக் கடைசியில் எண்பது வயது நிறைவு. அதற்காகத்தான் பயணம். ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே என் மனத்தில் ஒரு நெருடல். மாமாவின் மகன்கள் இருவரும் ஓராண்டாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணம் நிலம். மாமாவுக்கு நான்கு காணி மாந்தோப்பு. ஒரு காணி என்றால் 1.32 ஏக்கர். 262 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை எங்கள் பக்கமாகப் போகிறது. அதற்கு ஒரு காணி போயிற்று. முப்பத்தெட்டு மரம். இழப்பீட்டுப் பணத்தைப் பங்கிடுவதில் பேச்சு முற்றி, பெங்களூரில் இருக்கும் பெரியவன், "காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்" என்று போனில் சொல்லிவிட்டான். சென்னையிலிருக்கும் சின்னவன் போனை வைத்தவன்தான். மீதித் தோப்பையும் விற்றுவிடலாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. மாமா எதுவும் சொல்லவில்லை.

மே முதல் வாரம் மும்பையிலிருந்து புறப்பட்டோம். வழியில் ராய்ச்சூர் வந்ததும் பேரனை எழுப்பிக் காட்டினேன். பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் 1871-இல் கைகுலுக்கிய இடம் அது. அவன் கொட்டாவி விட்டான். ரேணிகுண்டாவில் இறங்கி வேன் பிடித்தோம்.

அது கங்கம்மா ஜாத்திரைக் காலம். ஒரு நாள் திருப்பதிக்குப் போய் தாத்தய்யகுண்டா கங்கம்மனைப் பார்த்தோம். அவள் வேங்கடவனின் தங்கை என்பது அங்கத்திய நம்பிக்கை. திருமலையிலிருந்து அவளுக்குப் பிறந்தவீட்டுச் சீர் வரும். ஜனங்கள் நாளுக்கொரு வேஷம் போடுகிறார்கள்: பைராகி வேஷம், பண்ட வேஷம், தோட்டி வேஷம், தொர வேஷம். ஆண்கள் சேலை கட்டி, மஞ்சள் பூசி வருகிறார்கள். பேரன் அன்றைக்குத்தான் கைப்பேசியைப் படம் எடுப்பதற்காக மட்டும் வெளியே எடுத்தான். பேத்தி, "அண்ணன் தங்கைக்குச் சீர் அனுப்புகிறார், நீ எனக்கு என்ன தருவாய்?" என்று அவனை மடக்கினாள்.

மறுவாரம் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தோம். 3550 படிகள். நான் காளிகோபுரம் வரை ஏறிவிட்டு, முழங்காலின் சொல்லைக் கேட்டு அரைமணி உட்கார்ந்தேன். பேரன் என் பையையும் சேர்த்துச் சுமந்தான். திரும்பும் வழியில் சந்திரகிரிக் கோட்டை. விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் தலைநகராகக் கொண்ட ஊர். 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்ற வரலாற்றில் இந்த ஊர்ப் பெயரும் சேர்ந்தே வரும். அங்குள்ள ராஜ மகால் மூன்று தளம். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான், மர உத்திரமே கிடையாது. பாரம் முழுவதையும் வளைவுகள் தாங்கித் தூண்களுக்கும் சுவர்களுக்கும் இறக்கிவிடுகின்றன. ரயில்வே பாலங்களில் நான் பார்த்த அதே கணக்கு. அதை விளக்கிக்கொண்டே போனதில் எங்கள் வேன் டிரைவர் உட்பட எல்லோரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்!

வீட்டில் காலை ராகி சங்கடியும் வேர்க்கடலைத் துவையலும், மதியம் மாங்காய்ப் பருப்பு. மாமா தமிழில் எண்ணுவார், தெலுங்கில் பேரம் பேசுவார். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. எங்கள் ஊர் திரும்பவில்லை. "கோடு நகர்ந்தது, மாமரம் நகரவில்லையே" என்பார் மாமா. இரண்டு மொழியும் அந்த வீட்டில் ஒரே திண்ணையில்தான் உட்காரும்.

எண்பதுக்கு முதல் நாள் காணிப்பாக்கம் போனோம். மகன்கள் இருவரும் வந்திருந்தார்கள், தனித்தனிக் காரில். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் கோவில். செவிடு, ஊமை, குருடு என மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டியபோது விநாயகர் வெளிப்பட்டார் என்றும், உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்தில் பாய்ந்ததால் அந்தப் பெயர் என்றும் கதை. அங்கே பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள். வழக்குகள்கூட அந்தச் சன்னிதியில் முடிந்ததாகச் சொல்வார்கள்.

குளக்கரையில் மாமா நின்றார். "இரண்டு பேரும் சத்தியம் செய்யப் போகிறீர்களா?" என்று கேட்டார். இருவரும் தலைகுனிந்தார்கள். "கிணறு தோண்டியவர்கள் மூன்று பேர். ஒருவனுக்குக் கண் இல்லை, ஒருவனுக்குக் காது இல்லை, ஒருவனுக்கு வாய் இல்லை. அப்படியும் சேர்ந்து தோண்டினார்கள். உங்களுக்கு எல்லாம் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். தரிசனம் முடிந்து தனித்தனிக் காரிலேயே திரும்பினார்கள்.

மறுநாள் வாசலில் பந்தல், மாவிலைத் தோரணம். அக்காவின் கழுத்தில் மாமா மீண்டும் தாலி கட்டினார். கை நடுங்கியதால் முடிச்சு விழவில்லை. நாத்தனார் முறையில் நின்ற பாட்டி, "எண்பது வயசிலும் அவசரமா?" என்றதும் பந்தலே சிரித்தது. புகைப்படக்காரர் மகன்களை அருகருகே நிற்கச் சொன்னார். நின்றார்கள். நடுவில் என் பேத்தியை நிறுத்திக்கொண்டார்கள்.

ஜூனில் அறுவடை. எங்கள் தோப்பில் எல்லாம் தோதாபுரி, நாம் கிளிமூக்கு என்போமே அது. மாங்கூழ் ஆலைகளுக்கே பெரும்பாலும் போகும். முந்தைய ஆண்டு நல்ல விலை. 2025-இல் விளைச்சல் மிகுந்து, ஆலைகளில் பழைய கூழ் தேங்கி, விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஆனால் டோக்கன் வாங்கி, ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. காய் பழுத்து ஒழுகத் தொடங்கினால் அதுவும் போச்சு. மும்பையில் பள்ளி திறக்கும் நாள் நெருங்கியதால் மகள் பிள்ளைகளோடு கிளம்பினாள். நானும் மனைவியும் தங்கிவிட்டோம். பேரன்தான், "டிராக்டர் போகும்வரை இருக்கிறேன்" என்று அழுதான். தமிழில் அழுதான்.

மாமா தானே டிராக்டரோடு போகிறேன் என்று கிளம்பியபோது வீடு கலங்கிப்போனது. போன் போயிற்று. பெரியவன் அன்றிரவே வந்தான், சின்னவன் விடியற்காலையில். இருவரும் இரண்டு இரவுகள் அந்த வரிசையில் லோடின் மேல் தார்ப்பாயை விரித்துப் படுத்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் எடைச்சீட்டோடு வீடு வந்தபோது, சின்னவனின் சட்டையைப் பெரியவன் போட்டிருந்தான். அக்கா ஒன்றும் கேட்காமல் இரண்டு தட்டு வைத்தாள்.

கணக்குப் பார்த்தோம். இறக்கு கூலி, வண்டி வாடகை போக மிஞ்சியது சொற்பம். விற்றுவிடலாம் என்ற பேச்சு முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மாமா மட்டும், "அடுத்த பூ பார்த்துவிட்டுப் பேசலாம்" என்றார். பெரியவன், "சரிப்பா" என்றான். சின்னவனும் தலையாட்டினான். ஜூலையில் அரசியல் தலைவர்களும் பத்திரிகைக்காரர்களும் மாங்காய் மண்டிக்கு வந்து, பங்காருபாளையத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. அப்போது நாங்கள் மும்பை திரும்பியிருந்தோம். பேரன் செய்தியைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "தாத்தா, நம்ம ஊர்!" என்றான்.

அன்பர்களே, வயதானவர்கள் இருக்கும் ஊருக்குப் போவதை அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். மலையும் பனியும் எங்கேயும் போய்விடாது. டிக்கெட் பதிவை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். இது ரயில்வேக்காரனின் ஆலோசனை.