வலி மருந்தே வலியைத் தூண்டும்போது

அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்ஃபினும், அதன் செயலைப் பின்பற்றி ஆய்வகங்களில் உருவாக்கப்பட்ட ஃபென்டனில், ரெமிஃபென்டனில், டிரமடால் முதலியவையும் ‘ஓபியாய்டு’ என்னும் ஒரே குடும்பத்து வலி நிவாரணிகள். கடும் வலியை அடக்குவதில் இவற்றுக்கு நிகரான மருந்துகள் இன்றளவும் மிகச் சிலவே என்றபோதிலும், உயர்ந்த அளவிலோ நெடுங்காலமோ செலுத்தப்படும்போது இவை நரம்பு மண்டலத்தின் வலியுணர்வைத் தணிப்பதற்கு மாறாகக் கூர்மையாக்கிவிடுவதும் உண்டு. மருந்து உடலுக்குப் பழகிப்போவது வேறு, இது வேறு. பழகிப்போன நிலையில் அளவைக் கூட்டினால் வலி அடங்கும். இந்த நிலையிலோ அளவைக் கூட்டக் கூட்ட வலியும் கூடுவதோடு, காயம் பட்ட இடத்தைத் தாண்டியும் அது பரவி, ஆடை உரசுவதே பொறுக்க முடியாததாகிவிடலாம்.

மார்ஃபின் ஊசி தான் போக்க வந்த வலியையே வளர்க்கிறதோ என்னும் ஐயத்தை ஆங்கிலேய மருத்துவர் கிளிஃபோர்டு ஆல்பட் 1870-லேயே எழுப்பியிருந்தார். ஆயினும், அறுவை அரங்கில் அதற்கு அழுத்தமான சான்று கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் பிரான்சில் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவையின்போது ரெமிஃபென்டனில் மிகுதியாகச் செலுத்தப்பட்டவர்களுக்கு அடுத்த 24 மணி நேரத்தில் தேவைப்பட்ட மார்ஃபின், குறைவாகச் செலுத்தப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டதைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

வலி என்பது காயத்திலிருந்து மூளைக்கு ஏறிச்செல்லும் செய்தி மட்டுமன்று. அந்தச் செய்தியை எவ்வளவு உரக்க விடுவது என்று மூளையும் தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நெறிப்படுத்தும் முகுளத்தின் மேற்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி அமைந்த ஒரு சிறு நரம்பணுத் திரளிலிருந்து கீழிறங்கும் இந்தக் கட்டளைகளில் வலியை அடக்குபவையும் உண்டு, அதைப் பெருக்குபவையும் உண்டு. ஓபியாய்டு மருந்து முதலில் அடக்கும் கட்டளைகளுக்கு வலுவூட்டுகிறது. அது தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும்போது பெருக்கும் கட்டளைகள் தலைதூக்க, தண்டுவடத்தில் ‘என்எம்டிஏ’ எனப்படும் ஏற்பிகள், அதாவது நரம்பணுக்களின் மேற்பரப்பில் ரசாயனச் செய்திகளைப் பெற்றுக்கொள்ளும் புரதங்கள், மிகையாகக் கிளர்ச்சியுறுகின்றன.

மரப்பு ஊசி இவ்விடத்தில்தான் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. பல் பிடுங்கும்போது போடப்படும் லிடோகெய்ன், சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கி, ‘சைலோகெய்ன்’ என்ற பெயரில் 1948 முதல் சந்தைக்கு வந்த மருந்து. நரம்பிழையில் மின் துடிப்பு ஓடுவதற்குத் தேவையான சோடியம் வாயில்களை அடைத்து, வலிச் செய்தி நகரவிடாமல் அது தடுக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்ஃபின் வில்லைகளைத் தோலுக்கடியில் பதித்து எலிகளின் வலியுணர்வு கூர்மையாகும்படி செய்து, பின்னர் முகுளத்தின் மேற்சொன்ன பகுதிக்குள் நுண்ணிய அளவு லிடோகெய்னைச் செலுத்தியபோது அந்த மிகை வலியுணர்வு மறைந்ததோடு, வீரியம் குன்றியிருந்த மார்ஃபினும் மீண்டும் நன்கு வேலை செய்தது. 2001-இல் வெளியான இந்த முடிவு, கோளாறின் ஒரு வேர் மூளையில் இருப்பதைத் தெளிவாகக் காட்டியது.

மனிதரின் முகுளத்துக்குள் ஊசி செலுத்துவது நடவாத காரியம் என்பதால், மரப்பு மருந்தைப் பயன்படுத்த மருத்துவர்களுக்கு இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. லிடோகெய்னை ரத்த நாளம் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தி மூளையையும் தண்டுவடத்தையும் எட்டச் செய்வது முதல் வழி. இதற்கு விலங்குகளிடம் கிடைத்த ஆதரவு மனிதர்களிடம் அதே உறுதியோடு கிடைக்கவில்லை. என்எம்டிஏ ஏற்பிகளை அடக்குவதற்குக் கெட்டமின் என்னும் மயக்க மருந்தே லிடோகெய்னைவிட நேரடியானது. போதாததற்கு, ரத்தத்தில் லிடோகெய்ன் அளவு மீறினால் வாயைச் சுற்றி மரமரப்பு, காதில் இரைச்சல் எனத் தொடங்கி வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகக்கூடும்.

நரம்பையே மரக்கச் செய்து ஓபியாய்டின் தேவையைக் குறைத்துவிடும் இரண்டாவது வழிதான் விசைத்தறிகளும் நூற்பாலைகளும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த வெள்ளகோவில், காங்கயம், திருப்பூர் வட்டாரத்துக்கு நெருக்கமானது. உருளையிலோ பற்சக்கரத்திலோ சிக்கிய கை பெரும்பாலும் ஒரே அறுவையோடு சீராவதில்லை; எலும்பைப் பொருத்துவது, தசைநாரைத் தைப்பது, தோலை ஒட்டுவது என்று அறுவைகள் அடுத்தடுத்துத் தொடரும்போது, ஒவ்வொரு முறையும் வலி மருந்து ஏறிக்கொண்டே போகும். இத்தகைய கைகளுக்குப் பெயர்பெற்ற சிகிச்சை மையமான கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் முறையிலும் நாடறிந்தது. காறை எலும்பையும் அக்குளையும் கடந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்து, அதைச் சுற்றி மருந்தைச் செலுத்தினால் தோள் முதல் விரல் நுனி வரை மரத்துப்போகும். மெல்லிய குழாயை அங்கேயே பொருத்தி மருந்தை விடாமல் கொடுத்தால் அறுவைக்குப் பிந்தைய நாட்களின் வலியையும் தாங்கிக்கொள்ளலாம். கையின் ரத்த நாளங்கள் தளர்ந்து விரிவதால், ஒட்டவைத்த விரலுக்கு ரத்தம் நன்றாகப் பாய்வது கூடுதல் நன்மை. மூளையின் கட்டளைகளை லிடோகெய்ன் நேரடியாகத் திருத்துகிறதா என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்கும்வரை காத்திராமல் இந்த முறையைப் பரவலாக்குவதே அறிவுடைமை, ஏனெனில் செலுத்தப்படாத ஓபியாய்டு வலியைத் தூண்டப்போவதில்லை.

இவற்றைப் படித்துப் புற்றுநோயாளிகள் மார்ஃபினைக் கண்டு அஞ்சிவிடலாகாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் இந்தியாவில் மார்ஃபினை எட்டாக்கனியாக்கிப் பல்லாயிரம் பேரை வலியில் தவிக்கவிட்டதும், 2014-ஆம் ஆண்டுத் திருத்தமே அந்தப் பிடியைத் தளர்த்தியதும் மறக்கத்தக்கவையல்ல. மருத்துவர் கண்காணிப்பில் மார்ஃபினை உட்கொள்பவர்கள் தாமாக நிறுத்துவது கெடுதலாகவே முடியும். அறுவைக்கு முன்பு மயக்க மருந்து நிபுணர் விசாரிக்கும்போது, முதுகுவலிக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் டிரமடால் கலந்த மாத்திரை சாப்பிட்டு வந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவை நடக்கும் உறுப்பை மட்டும் மரக்கச் செய்ய இயலுமா என்று கேட்கவும் தயங்க வேண்டியதில்லை.