மாத்திரைக்கு உரிய வேளை

இரத்த அழுத்த மாத்திரையை இரவில் உண்பதே நன்று என நாளிதழில் படித்த நாள் முதல் எங்கள் அத்தா காலை வழக்கத்தைக் கைவிட்டார். இஷாத் தொழுகை முடிந்ததும் கண்ணயர்ந்துவிடுவார். வாரத்தில் இருமுறையேனும் மாத்திரை தப்பிவிடும்.

அவர் படித்தது அடிப்படையற்றதன்று. உறக்கத்தில் தாழும் இரத்த அழுத்தம் விடியலில் விரைந்து உயர்கிறது. மாரடைப்பும் காலைப் பொழுதிலேயே மிகுதி. ஏறத்தாழ 19,000 பேரை ஆய்ந்து 2019இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டின் ஹைஜியா ஆய்வு, இரவில் உண்டோர்க்கு இதய, இரத்தக்குழாய்க் கேடுகள் ஏறக்குறையப் பாதியாயின என்றது. இவ்வளவு பெரிய பயனா என்று மருத்துவ உலகிலேயே பலர் ஐயுற்றனர். பிரிட்டனில் 21,104 பேரை ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்த டைம் ஆய்வு 2022இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்குழாய் நோயால் இறப்பு ஆகியவற்றுக்கு ஆளானோர் மாலையில் உண்டோருள் 3.4 விழுக்காடு, காலையில் உண்டோருள் 3.7. பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று.

ஆகவே, மறவாமல் உண்ண இயலும் வேளையே அவரவர்க்கு உரிய வேளை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை மட்டும் பெரும்பாலும் காலைக்குரியது. இரவில் உண்டால் முதியோர் இருளில் எழுந்து தடுமாறி விழ நேரும். நோன்புக்கு முன்னரே, சஹரிலா இப்தாரிலா என மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருநாள் மறந்தமைக்கு ஈடாக மறுநாள் இரண்டாக உண்ணலாகாது. அத்தா அதனையும் செய்து தலைசுற்றி அமர்ந்தவர்.

இப்போது மருத்துவர் சொற்படி, பஜ்ருத் தொழுதுவந்து, தேநீருக்கு முன் உண்கிறார்.