சாட்சி சொல்லும் கோயில் படங்கள்

பிற நாட்டுக்குச் செல்லும் பயணி அங்குள்ள பழந்திருத்தலங்களைப் படமெடுப்பது பெரும்பாலும் தம் நினைவுக்காகவே என்றாலும், ஊர்ப்பெயரும் ஆண்டும் குறித்துப் பேணப்பட்ட படம் பிற்காலத்தில் களவுக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கும் என்பதற்குக் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே சான்று உண்டு.

தமிழகக் கோயில்களை முறையாகப் படமெடுத்த முன்னோடிகளுள் ஒருவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் பணிபுரிந்த அவர், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடமும் காலமும் எழுதிவைத்தது.

அவ்வாறு 1956இல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி வட்டாரத்தைச் சேர்ந்த வீரசோழபுரம் சிவன் கோயிலில் சுந்தரர், பரவையார் செப்புத் திருமேனிகள் படமாயின. தேவாரம் பாடிய மூவருள் ஒருவரையும் அவர் துணைவியாரையும் காட்டும், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்திருமேனிகள் பின்னர் கடல் கடந்து, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்தை அடைந்தன. புதுச்சேரிப் படங்களோடு ஒப்பிட்டு உண்மையை உறுதிசெய்துகொண்ட அந்த அருங்காட்சியகம், வேறு இரு தமிழகத் திருமேனிகளோடு இவற்றையும் இந்தியாவுக்கே திருப்பித் தருவதாக 2026 ஜனவரியில் அறிவித்தது. அருகிலுள்ள விருத்தாசலத்திலிருந்து களவாடப்பட்டு ஆஸ்திரேலியா சென்ற அர்த்தநாரி கற்சிலை 2014இல் திரும்பியதற்கும், கோயில் மாடத்தில் அது இருந்தபோது எடுத்த படமே துணைநின்றது.

இத்தகைய ஒப்பீடு பலிப்பதற்குக் காரணம் வார்ப்பு முறையில் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிய பின் அச்சை உடைத்துவிடுவதால், ஒரே அச்சில் இன்னொரு திருமேனி பிறப்பதில்லை. வழிபாட்டில் ஏற்பட்ட தேய்வும் பீடத்தின் சிதைவும் சேர்ந்து ஒவ்வொன்றையும் தனித்து அடையாளம் காட்டுகின்றன.

ஆனால் எல்லாவற்றையும் படமெடுத்துவிட முடியாது, எடுக்கவும் கூடாது. ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிஷேகத்தின்போது லிங்கத்தில் அம்பிகையின் உருவம் தெரிவதாக அடியார்கள் நம்புகின்றனர். அக்காட்சி நேரில் வணங்குவோருக்கே உரியது, ஏனெனில் தமிழகக் கோயில்களில் கருவறையைப் படமெடுப்பது மரபன்று. கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உத்தரவிட்டது. இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுத்துக்கொள்வது அவமதிப்பாகக் கருதப்படுகிறது; சிகிரியாவின் சுவரோவியங்களைப் படமெடுக்கவே அனுமதியில்லை.

ஆகவே வெளிநாடு செல்வோர் அவ்விடத்து விதியைக் கேட்டறிந்து, அனுமதியுள்ள வெளிச்சுவர், தூண், கல்வெட்டு, மாடத்துச் சிலை ஆகியவற்றைப் பீடம் விடுபடாமல் முழுமையாக எடுப்பதும், சிதைந்த பகுதியை அருகிலிருந்து தனியே எடுப்பதும், ஊர், கோயில், நாள் ஆகிய மூன்றையும் படத்தோடு எழுதிவைப்பதும் நன்று. இம்மூன்றும் இல்லாத படம், எவ்வளவு அழகாயினும், உரிமை கோரும் வழக்கில் மிகக் குறைவாகவே பயன்படும்.