பெட்டி புதிது, ஒட்டு பழையது

மரப்பலகையும் பீங்கான் ஃபியூஸ் கேரியருமாக இருந்த மெயின் போர்டைக் கழற்றிவிட்டு எம்.சி.பி. வைத்த டி.பி. பாக்ஸ் மாட்டுவது இன்று தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் புதிய பெட்டி பழைய இடத்துக்கு ஓரடி மேலேயோ பக்கத்திலோ போகும்போது, சுவரிலிருந்து வரும் வயர் எட்டுவதில்லை. உடனே ஒரு துண்டு வயரை எடுத்து, நுனிகளைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி, பெட்டிக்குப் பின்னால் திணித்து மூடிவிடுகிறார்கள். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. வீட்டுக்காரரும் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். இதைத்தான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன்.

முறுக்கிய ஒட்டு நாளடைவில் தளரும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், ஏ.சி.யும் கீசரும் ஓடும் நேரத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும். டேப்பின் பசை காய்ந்து உதிரும். எம்.சி.பி. இதைக் கண்டுபிடிக்காது. ஓடுவது வழக்கமான ஆம்பியர்தானே, அது ஏன் ட்ரிப் ஆக வேண்டும்? ஆர்.சி.சி.பி.யும் கசிவு இருந்தால்தான் விழும்; ஒட்டு சூடாவது கசிவு ஆகாது. “எம்.சி.பி. போட்டாச்சு, இனி பயமில்லை” என்று இருந்துவிடாதீர்கள்.

ஒட்டே இல்லாமல் முடிப்பதுதான் முதல் வழி. பெட்டியைப் பழைய இடத்திலேயே வையுங்கள். அல்லது பைப் வழியாகப் புது வயரை முழு நீளமும் இழுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால், அதே அளவு செம்பு வயரை எடுத்து (4 சதுர மி.மீ. வயருக்கு 4, 2.5-க்கு 2.5), அளவான ஸ்லீவைக் கிரிம்பிங் டூலால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். அல்லது பழைய பலகை இருந்த இடத்தில் மூடியுள்ள ஜங்ஷன் பெட்டி வைத்து, டெர்மினல் பிளாக்கில் திருகி இணைக்கலாம். அந்த மூடி எப்போது வேண்டுமானாலும் திறக்கும்படி இருக்கட்டும். பூச்சுக்குள் புதைத்த ஒட்டை யார் சோதிப்பார்கள்?

பழைய வீடுகளில் அலுமினிய வயர் இருந்தால் செம்போடு நேரடியாக முறுக்கவே கூடாது. அதற்கென உள்ள இணைப்பான் வேண்டும்; வயரையே மாற்றிவிடுவது அதைவிட நல்லது. எட்டவில்லை என்பதற்காக எர்த் வயரை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது, அதை அனுமதிக்காதீர்கள். நியூட்ரலிலும் கவனம் தேவை. மும்முனை இணைப்புள்ள வீட்டில் பொது நியூட்ரல் கழன்றால், 230 வோல்ட் சாதனத்துக்கு 400 வோல்ட் வரை போய்விடக்கூடும். மூடும் முன் வயரின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் மின்தடை 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

இனி யார் செய்வது என்பது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர மற்றதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. தமிழ்நாட்டில் உரிமம் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். உரிமத்தை வாங்கிப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். வீட்டை எட்டிப் பார்க்காமல் முத்திரை குத்தித் தருவதும், அதை அப்படியே கோப்பில் செருகுவதும் சில இடங்களில் நடக்கிறது. அதனால் மெகர் அளவை உங்கள் எதிரிலேயே எடுத்து எழுதச் சொல்லுங்கள். மூடும் முன் ஒட்டுகளைப் படமெடுத்து வையுங்கள்.

ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மீண்டும் சொல்கிறேன், ரசீது வாங்குங்கள். வேலை மோசமாகி நஷ்டம் வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கையில் காகிதம் இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கடினம். முதலில் ஆலோசனை வேண்டுமானால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பேசலாம்.

ஏற்கெனவே பெட்டி மாற்றியவர்கள், பிளாஸ்டிக் கருகும் வாடையோ பெட்டியில் சூடோ தெரிந்தால் உடனே மெயினை அணைத்து உரிமம் உள்ளவரை அழையுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதை மின்வாரிய ஊழியர்தான் துண்டிக்க வேண்டும். பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை அழையுங்கள்.